மனமே, திருவிழா பார்க்க வா!



சில ஆண்டுகளுக்கு முன்பு, ஒரு மாசி மாதத்து மாலை. மயிலாப்பூரில் சொற்பொழிவை முடித்துவிட்டு, தெற்கு மாட வீதி வழியாக நடந்து வந்துகொண்டிருந்தேன். பின்னாலேயே இரண்டு பெண்கள் வந்தார்கள். அக்காவும் தங்கையும். தங்கைதான் பேசினார்.

''ஐயா, எங்க அக்காவுக்கு ஏதாவது நல்ல வார்த்தை சொல்லுங்க. ஒரு வருஷமா வீட்டை விட்டு வெளியே வர்றதே இல்லை. இன்னிக்கு நான்தான் வற்புறுத்திக் கூட்டிட்டு வந்தேன்!''

அக்காவுக்கு ஐம்பது வயது இருக்கும். தி.நகரில் அவர் கணவர் நடத்தி வந்த சின்னக் கடையை மூடும்படி ஆகிவிட்டதாம். கடன், நகைகள் அடமானம், உறவுக்காரர்களின் பேச்சு... அதன் பிறகு வாசலில் கோலம் போடுவதைக்கூட நிறுத்திவிட்டார். நான் என்ன கேட்டாலும் ஒரே பதில்தான் வந்தது.

''எல்லாம் முடிஞ்சு போச்சுங்க ஐயா!''

இந்த வார்த்தையை நம்மில் சொல்லாதவர் யார்? பிள்ளைக்கு மார்க் குறைந்தால், பெண்ணுக்கு வரன் தட்டிப் போனால், வேலை கைநழுவினால், 'முடிஞ்சு போச்சு' என்று மனசு முந்திக்கொண்டு தீர்ப்பு எழுதிவிடுகிறது. ஆனால், அந்தத் தீர்ப்பைத் திருத்தி எழுதிய ஊர் எது தெரியுமா? நாம் நிற்கிற இதே திருமயிலை!

'அம்மா, பூம்பாவையின் கதை உங்களுக்குத் தெரியும்தானே?' என்று கேட்டேன். 'தெரியும்' என்று தலையசைத்தார். நமக்கு எல்லோருக்கும் தெரிந்த கதைதான். ஆனாலும், இன்று அதை இன்னொரு முறை நிதானமாகப் பார்ப்போம்.

சாம்பலைச் சுமந்த தந்தை

திருஞானசம்பந்தர் வாழ்ந்தது 7-ம் நூற்றாண்டு. அந்தக் காலத்தில் மயிலையில் சிவநேசர் என்ற செல்வந்தர் இருந்தார். வணிகர், பெயருக்கு ஏற்றாற்போல சிவனடியார்களிடம் அளவற்ற நேசம் கொண்டவர். அவருக்கு ஒரே மகள், பூம்பாவை. சம்பந்தரின் பெருமைகளைக் கேள்விப்பட்ட சிவநேசர், 'என் மகளும் என் செல்வமும் அந்த ஞானக் குழந்தைக்கே' என்று உறுதி பூண்டார்.

பூம்பாவைக்கு ஏழு வயது. தோழியரோடு நந்தவனத்தில் பூப்பறித்துக்கொண்டிருந்தபோது பாம்பு தீண்டியது. வைத்தியர்களும் மந்திரம் அறிந்தவர்களும் எவ்வளவோ முயன்றார்கள். 'விஷத்தை இறக்குபவருக்குக் குவியல் குவியலாகச் செல்வம் தருகிறேன்' என்று ஊரறிய அறிவித்தார் தந்தை. பலன் இல்லை. குழந்தை போய்விட்டாள்.

மகளுக்குத் தகனம் செய்தார்கள். சிவநேசர் என்ன செய்தார்? எலும்பையும் சாம்பலையும் ஒரு குடத்தில் சேர்த்து வைத்தார். அந்தக் குடத்தைக் கன்னிமாடத்தில் வைத்து, பட்டும் பொன்னும் பூமாலையும் சார்த்தினார். 'இவள் சம்பந்தருக்கு உரியவள். அவர் வரும்போது ஒப்படைப்பேன்' என்று காத்திருந்தார்.

கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். இன்றைக்கு ஒரு தகப்பனார் இப்படிச் செய்தால், நாம் என்ன சொல்வோம்? 'பாவம், புத்தி பேதலித்துவிட்டது' என்போம். ஆனால், சிவநேசர் குடத்தைக் கட்டிக்கொண்டு இருட்டறையில் முடங்கிவிடவில்லை. அங்கேதான் பாடம் இருக்கிறது!

சம்பந்தர் திருவொற்றியூர் வந்திருக்கிறார் என்ற செய்தி கிடைத்தது. உடனே எழுந்தார் சிவநேசர். திருவொற்றியூரிலிருந்து மயிலை வரை வழி நெடுகப் பந்தல் போட்டார் என்கிறது பெரிய புராணம். சுமார் 15 கிலோமீட்டர் தூரம்! மகளைச் சாம்பலாகப் பார்த்தவர், தோரணம் கட்டி, வாழை நட்டு, வரவேற்புக்கு ஏற்பாடு செய்கிறார். துக்கம் போய்விட்டதா? இல்லை. துக்கம் நெஞ்சில் இருக்கும்போதே, கை வேலை செய்தது.

நம்பிக்கை என்றால், 'எல்லாம் தானாக நடக்கும்' என்று உட்கார்ந்திருப்பது அல்ல. வரப்போகும் நல்லதுக்குப் பந்தல் போட்டு வைப்பது!

சம்பந்தர் என்ன பாடினார்?

சம்பந்தர் மயிலைக்கு வந்தார். கபாலீஸ்வரரை வணங்கிவிட்டு வெளியே வந்து, 'உங்கள் மகளின் குடத்தைக் கோயில் மதிலுக்கு வெளியே கொண்டு வாருங்கள்' என்றார். ஊரே கூடி நின்றது.

அப்போது அவர் பாடிய பதிகம் இரண்டாம் திருமுறையில் இருக்கிறது. அதில் என்ன இருக்கும் என்று எதிர்பார்ப்போம்? பாம்பைப் பற்றி, விஷத்தைப் பற்றி, விதியைப் பற்றி, இழந்து தவித்த தந்தையின் கண்ணீரைப் பற்றி... அப்படித்தானே? அங்கேதான் ஆச்சரியம்! அந்தப் பதிகம் பேசுவதெல்லாம் இந்த ஊரின் விழாக்களைத்தான்.

அடியார்களுக்கு அமுது படைக்கும் அழகைப் பார்க்காமல் போகலாமா என்று அந்தக் குழந்தையைக் கேட்கிறார். ஐப்பசி ஓணம் வருகிறதே, கார்த்திகை விளக்கீடு வருகிறதே, மார்கழித் திருவாதிரை, தைப்பூசம், மாசிக் கடலாட்டு, பங்குனி உத்திரம் என்று மாதம் மாதமாக எண்ணிச் சொல்கிறார். அஷ்டமி விழா, பெருஞ்சாந்தி... ஒவ்வொரு பாட்டிலும் ஒரு விழா. ஒவ்வொரு முறையும் அதே கேள்வி.

கோபித்துக்கொண்டு படுத்திருக்கும் குழந்தையை, 'எழுந்திரு கண்ணு, சாமி புறப்பாடு ஆகப்போகுது, பார்க்க வேணாமா?' என்று பாட்டி எழுப்புவாள் இல்லையா? அப்படி எழுப்புகிறார் சம்பந்தர். போனதைப் பற்றிப் பேசவில்லை. வரப்போவதைச் சொல்லி அழைக்கிறார்.

இன்னொன்றையும் கவனியுங்கள். முதல் பாட்டிலேயே குடம் உடைந்துவிடவில்லை. பாடப் பாட, குடத்துக்குள்ளே சாம்பல் உருவமாகச் சேர்ந்து வளர்ந்தது என்கிறார் சேக்கிழார் பெருமான். பத்தாவது பாட்டில்தான் குடம் வெடித்து, பன்னிரண்டு வயதுப் பெண்ணாகப் பூம்பாவை எழுந்து நின்றாள். அதுவரை, சுற்றி நின்றவர்களின் கண்ணுக்கு அது வெறும் குடமாகத்தானே தெரிந்திருக்கும்? ஐந்தாவது பாட்டில் ஒருவர் சலித்துப்போய், 'ஒண்ணும் நடக்கலையே' என்று வீட்டுக்குத் திரும்பியிருந்தால்..?

நாமும் அப்படித்தான் பாதியிலேயே திரும்பிவிடுகிறோம். ஒரு மாதம் பிள்ளைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பாடம் சொல்லித் தருகிறோம். மாதத் தேர்வில் மார்க் ஏறவில்லை என்றதும், 'இவனுக்கு வராது' என்று எழுந்துவிடுகிறோம். உள்ளே ஏதோ சேர்ந்து வளர்ந்துகொண்டிருக்கும். வெளியே தெரியத்தான் கொஞ்சம் நாளாகும்.

கேட்டது வேறு, கிடைத்தது வேறு

கதை இங்கே முடியவில்லை. மகள் பிழைத்ததும் சிவநேசர், 'இவளை ஏற்றுக்கொள்ளுங்கள்' என்று வேண்டினார். சம்பந்தரோ மறுத்துவிட்டார். 'ஈசன் அருளால் இவள் மறுபடி உயிர் பெற என் பாட்டு காரணமானது. ஆகவே, இவள் எனக்கு மகள் முறை' என்றார். சிவநேசரும் சுற்றத்தாரும் மனம் கலங்கிக் காலில் விழுந்தார்கள். சம்பந்தர் அவர்களைத் தேற்றி, உண்மையை எடுத்துச் சொன்னார். தந்தை ஏற்றுக்கொண்டார். பூம்பாவை கன்னிமாடத்திலேயே தங்கி, சிவனை வழிபட்டு, அவன் திருவடியை அடைந்தாள்.

மகள் கிடைத்தாள், மாப்பிள்ளை கிடைக்கவில்லை. நினைத்தது நினைத்தபடியே நடப்பதுதான் வெற்றி என்றால், சிவநேசர் தோற்றவர். ஆனால், அவர் அப்படி நினைக்கவில்லை. 'நல்லதையே நினை' என்பதற்கு, 'நான் கேட்டதையெல்லாம் கொடு' என்று பொருள் இல்லை சகோதரிகளே. கிடைத்ததில் இருக்கும் அருளைப் பார்க்கும் கண் வேண்டும் என்பதுதான் பொருள்.

மனசுக்குள் ஒரு கோயில்

'இதெல்லாம் மகான்களால் முடியும், நாம சாதாரண ஜனங்கள்' என்கிறீர்களா? அதே மயிலையில் வாயிலார் நாயனார் வாழ்ந்தார். மனசுக்குள்ளேயே கோயில் கட்டினார். ஞானத்தை விளக்காக ஏற்றினார். ஆனந்தத்தால் அபிஷேகம் செய்தார். அன்பை நைவேத்தியமாகப் படைத்தார். செலவே இல்லை! அறுபத்து மூவரில் அவருக்கும் ஓர் இடம் கிடைத்தது. கபாலீஸ்வரர் கோயிலில் பூம்பாவைக்கும் சந்நிதி இருக்கிறது. வாயிலாருக்கும் சந்நிதி இருக்கிறது. அடுத்த முறை போகும்போது கற்பகாம்பாளைத் தரிசித்துவிட்டு, இந்த இரண்டு சந்நிதிகளிலும் ஒரு நிமிடம் நில்லுங்கள்.

வீட்டில் செய்ய மூன்று காரியங்கள் சொல்கிறேன். பெரிய விரதம் எதுவும் இல்லை.

முதலாவது: காலையில் விளக்கேற்றியதும், நேற்றைய கவலையைச் சொல்லாதீர்கள். இனி வரப்போகும் நல்ல நாள் ஒன்றைச் சொல்லுங்கள். பிரதோஷமோ, குழந்தையின் பிறந்த நாளோ, எதுவானாலும் சரி. தினசரி காலண்டரில் அந்தத் தேதிக்கு ஒரு குங்குமப் பொட்டு வையுங்கள். மனசுக்குப் போக ஓர் இடம் கிடைத்துவிடும்.

இரண்டாவது: 'முடிஞ்சு போச்சு', 'உனக்கு வராது', 'நம்ம தலையெழுத்து' - இந்த மூன்றையும் ஒரு மண்டலம், அதாவது 48 நாட்கள், வீட்டில் யாரிடமும் சொல்வதில்லை என்று சங்கல்பம் செய்துகொள்ளுங்கள். வாய் தவறினால், மறுநாளிலிருந்து மறுபடியும் ஆரம்பியுங்கள். நானும் இதை முயன்றிருக்கிறேன். முதல் தடவை நான்கு நாட்கள்கூடத் தாண்டவில்லை!

மூன்றாவது: தினமும் ஒரு கால் நட்டு, உங்கள் பந்தலைப் போடுங்கள். ஒரு விண்ணப்பம் எழுதுவது, ஒரு போன் செய்வது, தைக்கத் தெரிந்தால் ஒரு ரவிக்கை தைப்பது... சின்ன வேலைதான். ஆனால், நாளைக்கு என்று தள்ளாமல் செய்யுங்கள்.

ஒன்று மட்டும் மறக்காதீர்கள். அழுகை வந்தால் அழுதுவிடுங்கள்; அது பாவம் அல்ல. வாரக்கணக்கில் தூக்கமும் பசியும் இல்லாமல் மனசு இருண்டே கிடந்தால், கோயிலுக்குப் போவதோடு டாக்டரையும் பாருங்கள். மகளைக் காப்பாற்றச் சிவநேசரும் முதலில் வைத்தியரைத்தான் அழைத்தார்.

குளக்கரையில் ஒரு காலை

அந்த அம்மாவின் கதைக்கு வருகிறேன். அன்று மாட வீதியில் அவரிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டேன்.

''அடுத்து உங்க வீட்டுல என்ன விசேஷம்மா?''

வெகு நேரம் யோசித்தார். பிறகு மெல்லச் சொன்னார்: ''பேத்திக்குப் பங்குனியில ஆண்டு நிறைவு வருது.''

''அதுக்கு பட்சணம் யார் பண்ணப் போறாங்க?''

பதில் இல்லை. ஆனால், முகத்தில் சின்ன அசைவு.

அடுத்த ஆண்டு பங்குனிப் பெருவிழா. எட்டாம் நாள் மாலையில் அறுபத்து மூவர் புறப்படுவது எல்லோருக்கும் தெரியும். அன்று காலையில் கபாலி தீர்த்தக் கரையில் பூம்பாவை உயிர் பெற்ற ஐதீக விழாவும் நடக்கும். அங்கே கூட்டத்தில் ஓர் அம்மா என்னைத் தேடி வந்து, கையில் ஒரு பொட்டலத்தைத் திணித்தார். முறுக்கு! பேத்தியின் ஆண்டு நிறைவுக்குச் செய்த முறுக்கைச் சாப்பிட்டுப் பார்த்த பக்கத்து வீட்டுக்காரர், தன் வீட்டு விசேஷத்துக்கும் கேட்டாராம். அப்படியே நாலு வீடு, பத்து வீடு ஆகியிருக்கிறது.

''கடன் இன்னும் தீரலைங்க ஐயா. பாதிகூட அடையலை'' என்றார். பிறகு, குளத்தைப் பார்த்தபடி சொன்னார்: ''ஆனா, இப்பல்லாம் வாசல்ல கோலம் போடறேன்.''

ஓதுவார் பதிகத்தைத் தொடங்கினார். கைகூப்பி நின்ற அந்த அம்மாவின் விரல் நுனியில் அரிசி மாவு ஒட்டியிருந்தது. அது கோல மாவா, முறுக்கு மாவா... தெரியவில்லை. எதுவாக இருந்தால் என்ன?

சகோதரிகளே, உங்கள் வீட்டிலும் ஏதோ ஒரு மூலையில் ஒரு குடம் இருக்கலாம். 'இனி அவ்வளவுதான்' என்று நீங்கள் மூடி வைத்த ஆசை, படிப்பு, உறவு... இன்று அதன் முன்னால் அமர்ந்து, வரப்போகும் திருவிழா ஒன்றின் பெயரைச் சொல்லி அழையுங்கள். ஒரு தடவை அழைத்து நிறுத்திவிடாதீர்கள். பத்துப் பாட்டு வரை பொறுத்திருங்கள்.

கபாலியும் கற்பகாம்பாளும் துணை நிற்பார்கள்!