வாதமும் விதண்டையும்

‘வாதம்’ என்னும் சொல், பேசுதலைக் குறிக்கும் ‘வத்’ என்ற வடமொழி வேரிலிருந்து பிறந்தது. உடலை முடக்கும் வாத நோய்க்கும் இதற்கும் உறவில்லை, அது காற்றைக் குறிக்கும் வேறொரு சொல்லின் வழி வந்து, வடமொழியில் வேறுபட்ட இரண்டு ஒலிகளுக்கும் தமிழில் தகர எழுத்து ஒன்றே நின்றதால் இதனோடு ஒரே வடிவம் பெற்றது. நாமக்கல் நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தவர் வாதி என்றும் எதிர்த்து நிற்பவர் பிரதிவாதி என்றும் அழைக்கப்படுவதாலும், மணவாள மாமுனிகளின் சீடர் ஒருவர் ‘பிரதிவாதி பயங்கரம்’ என்றே பட்டம் பெற்றதாலும், இச்சொல்லில் பகையின் சாயல் ஏறிவிட்டது. ஆனால் தருக்க நூலார் அதற்கு வகுத்த பொருள் வேறு.

கௌதமர் பெயரால் வழங்கும் நியாய சூத்திரம், இருவர் எதிரெதிர்க் கொள்கைகளை வைத்துப் பேசும் பேச்சை மூன்றாகப் பிரிக்கிறது. உண்மையை அறியும் நோக்கத்தோடு, பிரமாணம் எனப்படும் அறிதற்கருவிகளையும் தருக்கத்தையும் துணைக்கொண்டு, இருவரும் ஏற்ற அடிப்படைக்கு முரணாகாமல் பேசுவது வாதம். ஆசிரியனும் மாணவனும் பேசுவது இவ்வகையில் அடங்கும். வெற்றியே குறியாய், சொல்லைத் திரித்துப் பொருள்கொள்ளும் சலத்தையும் போலி ஒப்புமைகளையும் பயன்படுத்துவது சற்பம். தன் கொள்கை எதையும் நிறுவாமல் எதிராளியின் கொள்கையை உடைப்பதோடு நிற்பது விதண்டை. இன்றைய பேச்சு வழக்கில் ‘விதண்டாவாதம்’ என்பது வீம்புப் பேச்சுக்கான வசைச் சொல்லாகிவிட்டாலும், அந்நூல் பின்னிரண்டையும் முற்றாகத் தள்ளவில்லை: முளைத்துவரும் பயிரைக் காக்க முட்கிளைகளால் வேலியடைப்பதுபோல, உண்மையைக் காக்க அவையும் வேண்டும் என்கிறது. கிளுவை வேலியைக் கண்டு பழகிய கொங்கு நாட்டவருக்கு இது விளக்கம் வேண்டாத உவமை.

‘வாதம்’ என்னும் சொல் தமிழில் நெடுங்காலமாக வழங்குகிறது. மணிமேகலையின் விழாவறை காதையில், இந்திர விழாவை அறிவிக்கும் முரசறைவோன் சமயவாதிகளைப் பட்டிமண்டபம் ஏறுமாறு அழைத்து, பகைவரோடாயினும் சினமும் பூசலும் கொள்ளாமல் விலகிச் செல்லுமாறு சொல்கிறான். வாதிகள் என்ற பெயரோடு பூசலைத் தவிர்க்கும் கட்டளையும் சேர்ந்தே வருவது கவனிக்கத் தக்கது. அக்காப்பியமே பின்னர்ப் பக்கம், ஏது, திட்டாந்தம், அதாவது நிறுவ வேண்டிய கூற்று, அதற்கான காரணம், எடுத்துக்காட்டு எனப் பௌத்த அளவை நூலைத் தமிழில் விரித்துரைக்கிறது. சமண நூலான நீலகேசியோ தன் சருக்கங்கள் பலவற்றுக்குப் புத்த வாதம், ஆசீவக வாதம், சாங்கிய வாதம் என்றே பெயரிட்டு, தலைவியை ஊர் ஊராக அனுப்பி வெல்ல வைக்கிறது; தலைவியின் வெற்றி முன்னரே முடிவாகிவிட்ட இவ்வாதங்களில் எதிராளிக்குக் கிடைக்கும் இடம் குறைவு.

கொங்கு நாட்டுச் சீனாபுரத்தைச் சேர்ந்தவர் என மரபு கூறும் பவணந்தி முனிவர், நன்னூலின் பாயிரத்தில், நூல் செய்வோன் கொள்ளத்தக்க நிலைகளை எழுவகை மதம் எனத் தொகுத்தபோது, பிறர் கொள்கையை முதலில் ஏற்று அதன் வழியே சென்று பின் களைவதை ஒன்றாகவும், பிறர் நூலின் குற்றத்தைக் காட்டுவதைத் தனியே வேறொன்றாகவும் வைத்தார். குற்றம் காட்டுவோன் மாற்று நூல் ஒன்றைச் செய்து தரவேண்டும் என்ற நிபந்தனை அங்கே இல்லை. தருக்க நூலார் விதண்டை எனப் பெயரிட்ட செயலுக்குத் தமிழ் இலக்கணம் இழிவு கற்பிக்கவில்லை என இதைக் கொள்ளலாம்.

நாமக்கல் சேலம் மாவட்டத்தோடு சேர்ந்திருந்த காலத்தில், 1943ஆம் ஆண்டு, கம்பராமாயணத்தையும் பெரியபுராணத்தையும் கொளுத்த வேண்டும் என்ற கோரிக்கையை முன்வைத்து அண்ணாதுரை சென்னையில் இரா.பி. சேதுப்பிள்ளையோடும், பின்னர்ச் சேலத்தில் நாவலர் சோமசுந்தர பாரதியாரோடும் மேடையில் மோதினார். இவ்வுரைகள் ‘தீ பரவட்டும்’ என்ற பெயரில் நூலாயின. காப்பியத்தை எரிக்கச் சொல்வது வெறும் விதண்டை என்று ஒதுக்குவது எளிது. ஆயினும் அண்ணாதுரை செய்தது பவணந்தியின் ஆறாம் மதமாகிய பிறர் நூற்குற்றம் காட்டலே, அதற்குப் பின்னால் ஆரியர் மேலாண்மை பற்றிய வெளிப்படையான கொள்கையும் இருந்தது. அவரை எதிர்த்த பாரதியாரும் 1930களின் இறுதியில் இந்தித் திணிப்புக்கு எதிராக அவரோடு ஒரே அணியில் நின்றவர் என்பதால், தமிழின் நலம் என்னும் அடிப்படை இருவருக்கும் பொதுவாயிருந்தது. சொற்போர் என்று பெயர்பெற்ற அந்நிகழ்ச்சி, வாதத்துக்கு நியாய நூல் விதித்த பொது அடிப்படை என்னும் கட்டளையை நிறைவேற்றி, உண்மையை அறியும் நோக்கத்திலிருந்து பிறக்கும், தன் கொள்கையைக் கைவிடவும் ஆயத்தமாக வேண்டும் என்ற மற்றொன்றை நிறைவேற்றாமல் விட்டது.