அவல்போல் தட்டையாகாத அணு

கல்லாக நிற்பதும் நீராக ஓடுவதும் ஆவியாகக் கலைவதும் அணுவின் பிறவிக்குணமா, அணுக்கள் கூடியிருக்கும் முறையா? இந்தக் கேள்விக்குத் தமிழில் பழைய விடை ஒன்று மணிமேகலையில் இருக்கிறது. 27-ஆம் காதையில், வஞ்சி நகரில் ஒவ்வொரு சமயவாதியிடமும் அவரவர் கொள்கையைக் கேட்டுவருகிறாள் மணிமேகலை. அவர்களுள் ஆசீவகர் தம் சமய ஆசான் மற்கலியின் நூலை முன்வைத்து அணுவைப் பற்றிச் சொல்கிறார்.

அவர் கணக்கில் அணு ஐந்து வகை: நிலம், நீர், தீ, காற்று, உயிர். நில அணு வன்மையுடையது. நீர் அணு தாழ இறங்கும். தீ அணு சுட்டு மேலெழும். காற்றணு குறுக்கே அசையும். எந்த அணுவும் புதிதாகப் பிறப்பதில்லை, அழிவதில்லை, இரண்டாகப் பிளப்பதில்லை. உலக்கை பட்ட அவல்போல் தட்டையாவதும் இல்லை. நீரணு ஒருநாளும் நில அணுவாகாது. ஒன்று, முக்கால், அரை, கால் என்ற அளவில் அவை கலக்கும். எது மிகுதியோ அதன் பெயர் பொருளுக்கு வரும். கூடவே, செறிந்தால் வயிரம்போல் இறுகும், மூங்கில்போல் துளைபட்டும் அமையும் என்கிறார். அந்தப் பகுதியில் மிகக் கூர்மையான இடம் இது. வகையை வைத்துத் தொடங்கியவர், அமைப்பும் குணத்தை ஆக்கும் என்று இங்கே கண்டுகொள்கிறார்.

வகையா அமைப்பா என்று சோதிக்க ஓர் ஐஸ் கட்டி போதும். மணிமேகலையின் ஊரான புகாருக்குத் தெற்கே, தரங்கம்பாடியைத் தாண்டினால் காரைக்கால் பகுதியின் மீனவ ஊரான கோட்டுச்சேரிமேடு. இத்தகைய கரைகளில் மீன் பெட்டிக்குள் உடைத்துப் போடும் ஐஸ் முதலில் கல்லாக இருக்கும். வெயில் ஏற ஏறப் பெட்டியின் மூலையில் சொட்டும். சொட்டியது மணலில் படிந்து சற்று நேரத்தில் தடமின்றி உலரும். மிகுதியால்தான் பெயர் என்றால், உருகும்போது நில அணு வெளியேறியிருக்க வேண்டும், அல்லது நீரணு புகுந்திருக்க வேண்டும். இறுக மூடிய பாட்டிலில் ஐஸை வைத்து உருகுமுன்னும் பின்னும் நிறுத்தால் எடை மாறுவதில்லை. வகைக்கணக்கு இங்கே தோற்கிறது.

மூன்று நிலையிலும் இருப்பது ஒரே நீர் மூலக்கூறு. ஐஸில் அது இடத்தை விடாமல் அதிரும்; நீரில் அண்டையிலிருப்பவற்றை உரசியபடியே வழுக்கி இடம் மாறும்; ஆவியில் பிடி விட்டு நொடிக்குச் சில நூறு மீட்டர் பறக்கும். ஒரு கிராம் ஐஸ் உருகச் சுமார் 80 கலோரி வெப்பம் வேண்டும். அவ்வளவும் பிடிப்பைத் தளர்த்தவே செலவாகி, உருகி முடியும்வரை ஐஸ் 0 டிகிரியிலேயே நிற்கிறது. மீன் கெடாமலிருப்பது அதனால்தான். செறிந்தால் இறுகும் என்ற விதிக்கும் ஐஸ் முழுதாக அடங்காது. நீரில் இருப்பதைவிட அதில் மூலக்கூறுகள் தள்ளித் தள்ளி நிற்கின்றன, ஆகவே மிதக்கிறது. அதை இறுக்குவது ஒழுங்கான பிடிப்பு.

சேர்ப்பதும் பிரிப்பதும் எது? நியதி, அதாவது ஊழ், என்றனர் ஆசீவகர். 13-ஆம் நூற்றாண்டில் அருணந்தி சிவாசாரியார் சிவஞான சித்தியாரின் பரபக்கத்தில் அவர்களை மறுத்தார். சடப்பொருள் தானாகக் கூடாது, கூட்டுவோன் வேண்டும் என்பது சைவ சித்தாந்தத்தின் அடிப்படை. ஐஸைக் கூட்டுவது மூலக்கூறுகளின் ஈர்ப்பு, பிரிப்பது வெப்ப அசைவு. அந்த அளவில் வேறொரு கை தேவைப்படவில்லை. ஆனால் ஈர்ப்பும் அசைவும் எங்கும் ஒரே விதிக்கு ஏன் அடங்குகின்றன என்று சித்தாந்தி கேட்டால், தராசு விடை சொல்லாது. அந்தக் கேள்வி இன்னும் வலுவோடு நிற்கிறது.

தனி அணுவைத் தெய்வக் கண்ணுடையோரே காண்பர் என்கிறார் ஆசீவகர். அந்தி நேரத்தில் ஒற்றை முடி தெரியாது, கற்றையாகச் சேர்ந்தால் தெரியும் என்பது அவர் உவமை. 1827-இல் ராபர்ட் பிரவுன் நீரில் நுண்துகள்கள் ஓயாமல் துடிப்பதைக் கண்டார். மூலக்கூறுகள் மோதுவதே காரணம் என்று 1905-இல் ஐன்ஸ்டைன் கணக்கிட்டார். ழான் பெரன் அதை அளந்து உறுதிசெய்து 1926-இல் நோபல் பரிசு பெற்றார். ஒற்றை முடி இப்படித்தான் கணக்குக்குள் வந்தது.

ஐந்தாவதான உயிர் அணுவுக்கு மட்டும் அப்படியொரு கற்றை அகப்படவில்லை. மற்ற நான்கையும் தொட்டும் கண்டும் உணர்வது அதன் வேலை என்றார் ஆசீவகர். உடலைப் பகுத்துப் பார்த்தால் நீரும் உப்பும் கரியுமாகவே வருகிறது. மணிமேகலையும் அவர் சொன்னதில் நிறைவடையாமல், அடுத்து நிகண்டவாதியிடம் போகிறாள்.