வெற்றி யாருடையது? பிளாக் கேவியர் என்ற குதிரையை முன்வைத்து

பிளாக் கேவியர் ஆஸ்திரேலியாவின் பந்தயக் குதிரை. 2006 ஆகஸ்ட் 18 அன்று பிறந்த பெண் குதிரை. தந்தை பெல் எஸ்பிரிட், தாய் ஹெல்சிங்கே. 2008இல் மெல்போர்னில் நடந்த குட்டிகள் ஏலத்தில் பயிற்சியாளர் பீட்டர் மூடி அதை 2,10,000 ஆஸ்திரேலிய டாலருக்கு வாங்கினார். 2009 ஏப்ரலில் ஃபிளெமிங்டன் திடலில் முதல் ஓட்டம். 2013 ஏப்ரலில் சிட்னியின் ராண்ட்விக் திடலில் கடைசி ஓட்டம். மொத்தம் ஓடிய 25 பந்தயங்களிலும் அதுவே முதலிடம். அவற்றில் 15 பந்தயங்கள் ‘குரூப் ஒன்’ என்னும் உச்சத் தரத்தவை. தூரம் எப்போதும் 1,000 முதல் 1,400 மீட்டருக்குள்தான்.

இந்த 25 வெற்றிகளில் குதிரைக்குச் சொந்தமானது எது என்பது விளையாட்டுச் செய்திகள் தொடாத கேள்வி. வெற்றி என்பது வெறும் வேகமன்று. எங்கே தொடங்குவது, எங்கே முடிப்பது, யார் எவ்வளவு சுமப்பது என்ற விதிகள் கூடித்தான் ஓட்டம் பந்தயமாகிறது. 2011இல் நியூமார்க்கெட் ஹேண்டிகேப் பந்தயத்தில் பிளாக் கேவியர் 58 கிலோ சுமந்து ஓடியது. திறமையான குதிரைக்குக் கூடுதல் எடை ஏற்றி, மற்றவற்றுக்கும் வாய்ப்பு தருவது இவ்வகைப் பந்தயத்தின் முறை. வென்றதற்காக எடை கூட்டும் இந்த நியாயம் பணம் கட்டுபவர்களுக்கு விளங்கும். குதிரைக்கு முதுகு கனப்பது மட்டுமே தெரியும். கூட்டமாக ஓடும்போது முந்திச் செல்லும் உந்துதல் குதிரைக்கு இருக்கலாம். முடிவுக்கோடு என்ற எண்ணம் அதற்கு உண்டு என்று சொல்ல ஆதாரம் இல்லை.

குதிரை ஓட, புகழ் வேறொருவரைச் சேரும் ஏற்பாடு மிகப் பழையது. வேதகாலத்து அசுவமேத வேள்வியில் அவிழ்த்துவிட்ட குதிரை ஓராண்டு திரியும். தடுப்பார் இல்லாமல் அது கடந்த நிலமெல்லாம் அரசனின் ஆணைக்கு உட்பட்டதாகக் கருதப்படும். அரசன் பேரரசன் ஆவான். குதிரை வேள்வியில் பலியாகும். வேள்விப் பயன் வேட்பவனுக்கே என்பது அந்த மரபின் நிலை. பந்தயத் திடல் குதிரையை அப்படிப் பலியிடுவதில்லை. பரிசுப் பணம் உரிமையாளருக்கும் பெயர் குதிரைக்குமாகப் பங்கு பிரிவதும் புதிது. ஆனால் அந்தப் பெயரைக் கேட்டு மகிழ்வதும் மனிதர்களே.

இதற்கு எதிர்வாதம் அரிஸ்டாட்டிலிடம் கிடைக்கிறது. ஒரு பொருளின் சிறப்பு அதன் செயலை நன்றாகச் செய்வதில் இருக்கிறது என்பது அவர் கொள்கை. குதிரையின் சிறப்புக்கு அவர் தந்த எடுத்துக்காட்டில் நன்றாக ஓடுவதோடு, ஆளைச் சுமப்பதும் போரில் பகைவன் முன் நிலைகொள்வதும் சேர்ந்திருக்கின்றன. இதன்படி வெற்றி என்னவென்று அறியாமலே பிளாக் கேவியர் தன் சிறப்பை அடைந்துவிட்டது. வாதம் அழகானது; ஆனால் ஓரிடத்தில் இடறுகிறது. ஆளைச் சுமப்பது எந்தக் குதிரையின் இயல்பு? இன்றைய தாரோபிரெட் இனம் இங்கிலாந்தில் சுமார் முந்நூறு ஆண்டுகளாக வேகத்துக்கென்றே தேர்ந்து பெருக்கப்பட்டது. அதன் ஆண்வழி பயர்லி டர்க், டார்லி அரேபியன், கொடால்பின் அரேபியன் என்ற மூன்று குதிரைகளில் போய் முடிகிறது. மனிதர் தம் தேவைக்கு வடித்த இயல்பைக் காட்டி, இதுவே அதன் பிறவிப் பயன் என்று சொல்வது வட்டமடிக்கும் வாதம்.

2012 ஜூன் 23 அன்று இங்கிலாந்தின் ராயல் ஆஸ்காட்டில் நடந்த டயமண்ட் ஜூபிலி பந்தயம் இந்தச் சிக்கலை அப்பட்டமாகக் காட்டியது. நீண்ட விமானப் பயணத்துக்குப் பின் ஓடிய பிளாக் கேவியர் முன்னணியில் இருந்தது. முடிவுக்கோட்டை நெருங்கும்போது, இனி வெற்றி உறுதி என்று எண்ணிய ஜாக்கி லூக் நோலன் குதிரையை முடுக்குவதை நிறுத்தினார். குதிரையும் தளர்ந்தது. பிரான்சின் மூன்லைட் கிளவுட் நெருங்கிவர, நோலன் மீண்டும் முடுக்கி ஒரு தலை வித்தியாசத்தில் தப்பினார். தவறு தன்னுடையது என்று அவர் ஒப்புக்கொண்டார். தோற்றிருந்தால் ஏட்டில் தோல்வி பதிவாகியிருப்பது குதிரையின் பெயரில். அரிஸ்டாட்டிலின் அளவுகோலை வைத்தாலோ, சொன்ன கணத்தில் வேகம் குறைத்த குதிரை தன் சிறப்பில் சிறிதும் வழுவவில்லை. சிறப்பும் வெற்றியும் வெவ்வேறு கணக்குகள் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று பந்தய வரலாற்றில் அரிது.

பலனை எண்ணாமல் ஓடும் குதிரையைக் கீதை சொல்லும் பற்றற்ற செயலுக்கு உவமையாக்கும் ஆசையும் எழலாம். அது பொருந்தாது. பலனை விரும்பக் கூடியவன் அவ்விருப்பத்தை விடுவதே துறவு. விரும்புவதற்குப் பலன் இன்னதென்றே அறியாத உயிருக்குத் துறக்க ஒன்றுமில்லை. விலங்குகளை உணர்வற்ற எந்திரங்கள்போல் பார்த்த மெய்யியலாளர் டேக்கார்ட்டின் கருத்து மறுகோடியில் நிற்கிறது. ஆஸ்காட்டுக்குப் பின் நடந்த பரிசோதனையே அதைத் தள்ளிவிடப் போதும்: பிளாக் கேவியரின் பின்பகுதித் தசைகள் கிழிந்திருந்தன. புகழை உணர அறிவு வேண்டும். வலியை உணர உடல் போதும். விலங்குகளை நடத்தும் முறைக்குப் பகுத்தறிவோ பேச்சோ அளவுகோலாகாது, துன்பத்தை உணரும் திறனே அளவுகோல் என்று மெய்யியலாளர் ஜெரமி பெந்தம் 1789இல் வெளியிட்ட நூலில் வாதிட்டது இங்கே நேராகப் பொருந்துகிறது. வெற்றியைக் குதிரையின் கணக்கில் எழுதுவது மனிதரின் வழக்கம்; காயம் யாரும் எழுதாமலே அதனுடையது.

காயம் ஆறி 2013இல் மீண்டும் ஓடிய பிளாக் கேவியர் மூன்று பந்தயங்களை வென்றது. பின்னர் ஓய்வு அறிவிக்கப்பட்டு இனப்பெருக்கப் பண்ணைக்குப் போனது. தோல்வியே இல்லாத ஏடு அப்படியே நின்றதில் இந்த முடிவுக்கும் பங்குண்டு. வயது ஏறியும் ஓடவிட்டிருந்தால் ஏதோ ஒரு நாள் அது பின்தங்கியிருக்கக் கூடும். எப்போது ஓடுவது என்பதைப் போலவே எப்போது நிறுத்துவது என்பதும் அதன் கையில் இல்லை. 2024 ஆகஸ்ட் 17 அன்று, 18 வயது நிறைய ஒரு நாள் இருக்கையில், குளம்புக்கும் உள்ளெலும்புக்கும் இடையிலுள்ள திசு அழலும் லேமினைட்டிஸ் நோய் முற்றியதால் அது கருணைக்கொலை செய்யப்பட்டது. அந்த முடிவை எடுத்தவர்களும் மனிதர்களே. அதற்குக் காரணமாகச் சொன்னது குதிரையின் வலியை.