துப்பறியும் கதையும் தீர்ப்பின் அறமும்

துப்பறியும் கதைகளை இலக்கியத் திறனாய்வாளர் பெரும்பாலும் பொழுதுபோக்கு எழுத்தென ஒதுக்கிவிடுவர். ஆயினும் கற்றோரும் மற்றோரும் ஒருங்கே விரும்பிப் படிக்கும் இக்கதைகள், உண்மை பற்றியும் நீதி பற்றியும் சில எண்ணங்களைப் படிப்போர் உள்ளத்தில் ஊன்றிவிடுகின்றன என்பதை மறுப்பதற்கில்லை. ஒவ்வொரு குற்றத்துக்கும் ஐயந்திரிபற்ற விடையொன்று உண்டு. கூரிய அறிவுடைய ஒருவன் முயன்றால் அவ்விடை கடைசி அத்தியாயத்திற் கிடைத்தே தீரும் என்னும் நம்பிக்கை அவற்றுள் முதன்மையானது. இந்நம்பிக்கையைக் கதையுலகிலிருந்து வாழ்க்கைக்கு எடுத்துச் செல்லுதல் அறமாகுமா என்பதே ஈண்டு ஆராயப்படும் வினாவாகும்.

இவ்விலக்கிய வகை 1841இல் அமெரிக்க எழுத்தாளர் எட்கார் அலன் போ எழுதிய சிறுகதையொன்றுடன் தோற்றம் பெற்றதென்பர். 1887இல் ஆதர் கொனன் டொயில் படைத்த ஷேர்லொக் ஹோம்ஸ் அதனை உலகறியச் செய்தான். டொயில் எடின்பரோவில் மருத்துவம் பயின்றவர். நோயாளியின் நடை, கை, பேச்சு ஆகியவற்றைக் கொண்டே அவரது தொழிலையும் ஊரையும் கூறவல்ல தம் ஆசிரியர் ஜோசப் பெல்லை அவர் ஹோம்ஸுக்கு முன்மாதிரியாகக் கொண்டார். மருத்துவர் அறிகுறியிலிருந்து நோயை உணர்வதுபோலத் துப்பறிவோன் தடயத்திலிருந்து குற்றவாளியை உணர்கிறான். ஆனால் ஒரு வேறுபாடு நோக்கற்பாலது. மருத்துவர் தவறினால், தீராத நோயே அவரது தவற்றைக் காட்டும். கதையில் வரும் துப்பறிவோனோ தவறுவதற்கே இடமில்லை. ஆசிரியர் குற்றவாளி யாரென முதலில் முடிவு செய்துகொண்டு, பின்னரே அவனை நோக்கிச் செல்லும் தடயங்களைக் கதையெங்கும் தூவுகிறார். ஆகவே ஹோம்ஸின் வெற்றி தருக்கத்தின் வெற்றியன்று. ஆசிரியரது முன்னறிவின் வெற்றி எனலே பொருந்தும்.

இதன் தருக்க அடிப்படை நமக்குப் புதியதன்று. மணிமேகலையின் சமயக்கணக்கர்தந் திறங்கேட்ட காதையில் அளவைவாதி, கருதலளவையைப் பொது, எச்சம், முதல் என வகுத்துக் கூறுவான். ஆற்றில் வெள்ளத்தைக் கண்டு மேல்நிலத்தில் மழை பெய்ததென உணர்வது எச்சம் எனப்படும். காரியத்திலிருந்து காரணத்துக்குச் செல்லும் இந்நெறியே துப்பறிவோரின் நெறியுமாகும். எனினும் குளக்கட்டு உடைப்பெடுத்தாலும் வெள்ளம் வரும் என்பதை வன்னியில் வயல் செய்பவன் எவனும் அறிவான். ஒரு காரியத்துக்குக் காரணங்கள் பலவாதல் கூடும். ஆதலின் எச்சத்தால் நாம் பெறுவது துணிபன்று, நிகழ்தகவே.

தடயவியலின் அண்மைக்கால வரலாறு இதற்குச் சான்றாகும். விரலடையாளம் பொய்க்காதென்பது நெடுங்காலம் நிலவிய நம்பிக்கை. 2004இல் மட்ரிட் நகரப் புகையிரதக் குண்டுவெடிப்புகளையடுத்துக் கிடைத்த விரலடையாளமொன்றை அமெரிக்கச் சமஷ்டிப் புலனாய்வுப் பணியகம் தன் நாட்டு வழக்கறிஞர் ஒருவருடையதெனத் துணிந்து அவரைத் தடுத்துவைத்தது. அது வேறொருவருடையதென ஸ்பானியப் பொலிசார் கண்டறிந்த பின்னரே அவர் விடுதலை பெற்றார். ஒப்புமை வேறு, ஒருமை வேறு என்பதை இந்நிகழ்ச்சி உணர்த்தியது.

மற்றோர் எடுத்துக்காட்டு இதன் மறுபுறத்தைக் காட்டும். 1984இல் இங்கிலாந்தின் லெஸ்ரர் பல்கலைக்கழகத்தில் அலெக் ஜெஃப்ரிஸ் டீ.என்.ஏ. அடையாள முறையைக் கண்டறிந்தார். அது முதன்முதலாகக் கொலை விசாரணையொன்றிற் பயன்பட்டபோது குற்றவாளியைக் காட்டித்தரவில்லை. குற்றத்தை ஒப்புக்கொண்டிருந்த இளைஞன் ஒருவன் குற்றவாளியல்லன் என்பதையே நிறுவியது. உண்மையான கொலையாளி 1988இலேயே தண்டிக்கப்பட்டான். 'இவனே' என்று சொல்லும்போது தடயம் பலவற்றைச் சார்ந்து நிற்கின்றது. 'இவன் அல்லன்' என்று சொல்லும்போதோ பெரும்பாலும் ஒரு முரண்பாடே போதுமானதாகிறது. விஞ்ஞானத்தின் உறுதி மிக்க குரல் மறுக்குங் குரலாகும்.

ஆனால் 'இவன் அல்லன்' என்னும் விடையில் மனித மனம் அமைதி கொள்வதில்லை. 'அங்ஙனமாயின் யார்?' என்று உடனே கேட்கின்றது. இவ்விடத்தேதான் நமது அறவினா கூர்மை பெறுகின்றது. இதனை விளக்க நமது நாட்டு வழக்கொன்றே போதும்.

1951 ஒக்டோபரிற் கொழும்பில், புகழ்பெற்ற துடுப்பாட்ட வீரர் மகாதேவா சதாசிவத்தின் மனைவி தம் இல்லத்திற் கொலையுண்டார். கணவர்மீது குற்றஞ் சாட்டப்பட்டது. தாமும் உடந்தையாயிருந்ததாகக் கூறிய வீட்டு வேலைக்காரர் நிபந்தனை மன்னிப்புப் பெற்று அரசதரப்புச் சாட்சியானார். மரணம் நிகழ்ந்தது கணவர் வீட்டிலிருந்து புறப்பட முன்னரா, பின்னரா என்பதே வழக்கின் உயிர்நிலையாயிற்று. உடல் குளிரும் வேகம் உடலமைப்பு, உடை, காற்றோட்டம், சூழலின் வெப்பநிலை ஆகியவற்றுக்கேற்ப மாறும். உடலுக்கும் சூழலுக்குமிடையே வெப்ப வேறுபாடு குறைந்த நமது நாட்டிலோ கணிப்பு மேலும் கடினமாகிறது. சட்ட மருத்துவப் பேராசிரியர் ஜீ. எஸ். டபிள்யூ. டி சேரம், தூக்கிலிடப்பட்ட கைதிகளின் உடல்கள் குளிரும் முறையை அளந்து, சகாக்களுடன் 1955இல் ஆய்வு வெளியிட்டமை குறிப்பிடத்தக்கது. எதிரிதரப்புக்காகக் கலாநிதி கொல்வின் ஆர். டி சில்வா வாதாடினார். எடின்பரோப் பேராசிரியர் சேர் சிட்னி சிமித் நிபுணராக வந்து சாட்சியமளித்தார். 1953இல் யூரிமார் ஒருமனதாக எதிரியைச் சுற்றவாளியெனக் கண்டனர்.

நீதிமன்றின் பணி அத்துடன் முடிந்தது. சதாசிவம் குற்றம் புரிந்தாரென்பது ஐயத்துக்கப்பால் நிறுவப்பட்டதா என்பதே அதன்முன் இருந்த வினா. கொலைசெய்தவர் யார் என்னும் வினா அதனிடம் கேட்கப்படவில்லை. அது விடையளிக்கவும் இல்லை. ஆயினும் ஊரார் கடைசி அத்தியாயத்தை வேண்டி நின்றனர். 1959இல் வெளிவந்த தம் நினைவு நூலிற் சிமித், கொலைசெய்தவர் வேலைக்காரரே என்னும் கருத்துப்பட எழுதினார். அக்கருத்துச் சரியாயிருத்தலுங் கூடும். இங்கு அது வினாவன்று. எதிரிக்கூண்டில் நிறுத்தப்படாத, தமக்கென வாதாட வழக்கறிஞர் இல்லாத, எழுதப்பட்ட நூலுக்கு மறுப்பு எழுதும் வாய்ப்பு அரிதாகவேயுள்ள ஓர் ஏழை மனிதரை நாம் எந்த நீதியின் பேரிற் குற்றவாளியென அழைக்கின்றோம்? ஒருவரின் விடுதலை, விசாரணையின்றியே மற்றொருவருக்குத் தண்டனையாகிவிடுகின்றது. இதன் மறுதலையும் உண்டு. விடுவிக்கப்பட்டவரைப் பின்னரும் ஐயக்கண்ணுடன் நோக்குவோர், ஒருமனதான தீர்ப்பையே பொருளற்றதாக்குகின்றனர். இரு சாராரும் செய்வது ஒன்றே: தீர்ப்பு விட்டுச்சென்ற வெற்றிடத்தைத் தமக்கு உகந்த பெயரால் நிரப்புகின்றனர்.

இதற்கு ஒரு தடை எழுப்பப்படலாம். கொலையுண்டவர்க்கும் உரிமையுண்டன்றோ? ஐயம், ஐயம் என்று வாளாவிருப்பின் இறந்தோர்க்கு நீதி கிட்டுவதெங்ஙனம்? இத்தடை வலிமையுடையது, எளிதிற் புறக்கணித்தற்குரியதன்று. ஆனால் கொலையுண்டவருக்கு நாம் செலுத்தவேண்டிய கடன் ஏதேனுமொரு பெயர் அன்று, சரியான பெயராகும். தவறான ஒருவரைச் சுட்டியவுடன் தேடல் நின்றுவிடுகின்றது. உண்மைக் குற்றவாளி நிலையான பாதுகாப்புப் பெறுகின்றான். ஆகவே பொய்த்த துணிபு உயிரோடிருப்பவருக்கு மட்டுமன்றி இறந்தவருக்கும் இழைக்கப்படும் அநீதியாகும். ஐயத்தை ஒப்புக்கொள்வதோ தேடலுக்கான கதவைத் திறந்து வைக்கின்றது. சந்தேகிக்கும் உரிமையும் ஆராயுங் கடமையும் புலனாய்வாளருக்கு என்றும் உண்டு. சந்தேகத்தை முடிபென அறிவிப்பதே தவறு.

இதனால் துப்பறியும் கதைகளைப் படித்தலாகாது என்பது பெறப்படாது. நுணுகி நோக்கவும், அற்பமெனத் தோன்றுவதைப் புறக்கணியாதிருக்கவும் அவை கற்பிக்கின்றன. ஆனால் ஓர் அம்சத்தில் அவை நமக்கு வழிகாட்டா. கதையிற் சந்தேகிக்கப்படுவோர் அனைவரும் ஆசிரியரின் பாவைகள். நூலை மூடியதும் அவர்களுக்கு இழப்பொன்றுமில்லை. வாழ்க்கையிற் சந்தேகிக்கப்படுவோருக்குப் பெயருண்டு, குடும்பமுண்டு, நாளையென்று ஒன்றுண்டு. அவர்களைப் பற்றி அறிந்தவற்றையும் ஊகித்தவற்றையும் வேறுபடுத்திக் கூறுதல் அறிஞர்க்கு ஆய்வொழுக்கம், நீதிபதிக்குத் தொழிற்கடன், நம் போன்ற பிறருக்கு அதுவே அறம். சில குற்றங்களின் கடைசி அத்தியாயம் எழுதப்படாமலே இருந்துவிடக் கூடும். அதனை எழுதாது விடும் துணிவும் நீதியின் ஒரு கூறாகும்.