குரூப்-2வா, ரயில்வேயா?

2025 ஜூன் மாதம் ஆந்திரத்துப் பட்டதாரிகளைப் படாத பாடு படுத்திவிட்டது. மாதம் பிறந்த 1ஆம் தேதியே போலீஸ் கான்ஸ்டபிள் மெயின்ஸ். 5 முதல் 24 வரை, தொழில்நுட்பம் சாராத பணிகளுக்கான ரயில்வே என்டிபிசி. 6ஆம் தேதி தொடங்கிய ஆசிரியர் தேர்வு, அதாவது மெகா டிஎஸ்சி, ஜூலை 2 வரை நீண்டது. பிப்ரவரியில்தான் மாநில அரசின் குரூப்-2 மெயின்ஸ் எழுதிவிட்டு வந்திருந்தார்கள். திருப்பதியில் மணிக்கணக்கில் நாற்காலி வாடகைக்கு விடும் ரீடிங் ரூம்களில், ஒரே மேஜையில் நான்கு பேர் நான்கு வெவ்வேறு தேர்வுக்குப் படித்துக்கொண்டிருக்கும் காலம் அது.

"குரூப்-2வா, ரயில்வேயா, எதுக்குப் படிக்கலாம்ணா?" என்று புதிதாக வந்தவன் கேட்டால், இரண்டு மூன்று தேர்வுகளைப் பார்த்துவிட்ட சீனியர் சொல்லும் பதில் ஏறக்குறைய ஒன்றுதான்: "ரெண்டுக்கும் போட்டு வை தம்பி. எது வருதோ வரட்டும்."

விண்ணப்பத்தைப் பொறுத்தவரை அண்ணன் சொல்வது சரி. ரயில்வேக்குக் கட்டும் 500 ரூபாயில், முதல் கட்டத் தேர்வை எழுதினால் 400 ரூபாய் திரும்பி வந்துவிடும். ஆந்திர அரசுப் பணியாளர் தேர்வாணையத்துக்கு, அங்கே எல்லோரும் சொல்கிறபடி ஏபிபிஎஸ்சிக்கு, 330 ரூபாய். இரண்டும் சேர்த்து ஒரு புத்தகத்தின் விலைகூட இல்லை. ஆனால் போட்டு வைப்பது வேறு, படிப்பது வேறு. சீனியரின் பதில் முதலாவதுக்கு மட்டும்தான் பொருந்தும். கேட்டவன் அதை இரண்டுக்குமாக எடுத்துக்கொண்டு எழுந்து போகிறான்.

இரண்டு தேர்வும் என்ன கேட்கின்றன என்று பார்க்கலாம். குரூப்-2 ப்ரிலிம்ஸில் 150 கேள்வி, 150 நிமிடம். இந்திய வரலாறு, புவியியல், இந்தியச் சமூகம், நடப்பு நிகழ்வுகள், மனத்திறன் என்று ஐந்து பகுதி, தலா 30. என்டிபிசி முதல் கட்டத்தில் 100 கேள்வி, 90 நிமிடம். அதில் பொது அறிவு 40, கணக்கு 30, ரீசனிங் 30. தவறான விடைக்கு மூன்றில் ஒரு பங்கு கழிவது இரண்டிலும் உண்டு. இதுவரை பார்த்தால் 'ஒரே படிப்புதானே' என்று தோன்றும். அப்படித் தோன்றுவதில் தவறில்லை, முதல் கட்டம் வரைக்கும்.

அதற்கப்புறம்தான் பாதை பிரிகிறது. குரூப்-2 மெயின்ஸ் 300 மதிப்பெண். ஆந்திரத்தின் சமூக, பண்பாட்டு வரலாறு, அரசியலமைப்பு, இந்திய-ஆந்திரப் பொருளாதாரம், அறிவியல் தொழில்நுட்பம், தலா 75. கணக்குக்கு என்று தனிப் பகுதி கிடையாது. ப்ரிலிம்ஸ் மதிப்பெண் தரவரிசையில் சேராது. மனத்திறனில் முப்பதுக்கு முப்பது எடுத்தவனுக்கு அது வெறும் நுழைவுச் சீட்டு, உள்ளே போனபின் அதற்கு மதிப்பில்லை. ரயில்வேயின் இரண்டாம் கட்டத்திலோ 120 கேள்வியில் 70 கணக்கும் ரீசனிங்கும். அதே 90 நிமிடம். ஒரு கேள்விக்கு 45 விநாடி. ரயில் பாலத்தைக் கடக்கும் கணக்கை ஃபார்முலா எழுதிப் பார்த்துப் போடுகிறவன் அங்கே தேற மாட்டான், கேள்வியைப் படித்து முடிக்கும்போதே விடை நாலில் இரண்டாகச் சுருங்கியிருக்க வேண்டும்.

ஆகவே பழக்கமும் நேரெதிர். குரூப்-2க்குப் படிப்பவர் காலையில் ஆந்திர அரசின் சமூகப் பொருளாதார ஆய்வறிக்கையைப் பிரித்தால், ஓர் அத்தியாயத்தை அடிக்கோடிட்டு முடிக்க மதியம் ஆகிவிடும். திருப்பதிக்காரருக்குச் சந்திரகிரிக் கோட்டை ஷேர் ஆட்டோ தூரம். ராஜ மகாலின் படிகளில் உட்கார்ந்து நிலக்கடலை தின்றிருப்பார். தேர்வில் வருவது அரவீடு வம்சத்து அரசர்களின் வரிசை. ஸ்ரீஹரிகோட்டாவும் 2022 ஏப்ரல் 4 முதல் திருப்பதி மாவட்டத்தில்தான் இருக்கிறது. ஏவு வாகனங்களின் பட்டியலை அதற்காக யாரும் சலுகையாகக் கேட்பதில்லை. ரயில்வேக்குப் படிப்பவரின் காலை இப்படியிருக்காது. கடிகாரத்தை வைத்து ஒரு மாக் டெஸ்ட், பிறகு தப்பானவற்றை மட்டும் மறுபடி. முதலாமவர் ஒரு நாள் விட்டால் ஒரு நாள் போகும். இரண்டாமவர் ஒரு வாரம் கை விட்டால் வேகம் போய்விடும். இந்த இரண்டையும் ஒரே உடம்பு ஆறு மாதத்துக்குத் தாங்கும் என்று நம்புவது கொஞ்சம் அதிகம்.

போட்டியின் அளவை வைத்து முடிவெடுப்பவர்களும் உண்டு. 2023 டிசம்பரில் அறிவித்த குரூப்-2க்கு இடங்கள் கடைசியில் 905, விண்ணப்பம் 4.8 லட்சத்துக்கு மேல். 2024 செப்டம்பரில் அறிவித்த என்டிபிசி பட்டதாரிப் பணிகளுக்கு இடம் 8,113, விண்ணப்பம் 58 லட்சத்துக்கு மேல். ஓர் இடத்துக்கு இங்கே ஐந்நூற்றுச் சொச்சம், அங்கே எழுநூற்றுச் சொச்சம். கேட்டதும் 58 லட்சம் மலைக்க வைக்கும். ஆனால் ரயில்வேயில் ஒருவர் ஒரே ஒரு ரயில்வே தேர்வு வாரியத்தை, அதாவது ஆர்ஆர்பியைத்தான் தேர்ந்தெடுக்க முடியும். பாட்னாக்காரரின் மதிப்பெண் செகந்திராபாத்தையோ சென்னையையோ குறித்தவரின் கட்-ஆஃபை நேராகத் தொடாது. திருப்பதிப் பையன் சென்னையா செகந்திராபாத்தா என்று இரண்டு நாள் யோசிப்பதில் அர்த்தம் இருக்கிறது. மொத்த எண்ணிக்கையைப் பார்த்து இரண்டு வாரம் கலங்குவதில் இல்லை.

எண்ணிக்கையை விடக் கொடுமை காலம்தான். குரூப்-2 அறிவிப்பு 2016இல் வந்தது, 982 இடம். 2018 டிசம்பரில் 446. அதற்கடுத்து 2023 டிசம்பர். ரயில்வே மட்டும் யோக்கியமா? என்டிபிசி 2019 பிப்ரவரியில் வந்தது. ஒன்றேகால் கோடிப் பேர் விண்ணப்பித்தார்கள். முதல் கட்டத் தேர்வு 2020 டிசம்பர் கடைசியில்தான் தொடங்கியது. முடிவு 2022 ஜனவரியில் வந்து, அதை எதிர்த்த போராட்டத்தில் பீகாரில் ரயில் பெட்டி எரிந்தது. அடுத்த அறிவிப்பு 2024 செப்டம்பர்.

சித்தூரில் 2019 ஏப்ரலில் பி.காம் முடித்த ஒரு பெண்ணை வைத்துக்கொள்வோம். குரூப்-2 விண்ணப்பக் கதவு அவள் கடைசிப் பரீட்சைக்கு முன்பே சாத்தப்பட்டுவிட்டது, என்டிபிசியும் அப்படியே. அவளுக்கு முன்னால் அப்போது நின்ற கேள்வி 'குரூப்-2வா, ரயில்வேயா'. உண்மையில் அடுத்த நாலரை ஆண்டுக்கு இரண்டுமே இல்லை. ஆனால் யாரும் எதிர்பாராத ஒன்று வந்தது. 2019 ஜூலையில் கிராம, வார்டு சச்சிவாலயங்களுக்கு, அதாவது அரசுச் சேவை அலுவலகங்களுக்கு, ஒன்றேகால் லட்சத்துக்கு மேல் இடங்கள். செப்டம்பர் 1 முதல் 8 வரை தேர்வு. அக்டோபர் 2 அன்று சச்சிவாலயங்களே திறந்துவிட்டன. பொது அறிவும் மனத்திறனும் ஆந்திர வரலாறும் கலந்த கேள்வித்தாள். டிகிரி ரிசல்ட் கையில் இருந்து, அடிப்படை மட்டும் கொஞ்சம் தேறியிருந்தால் அவள் இரண்டு மாதத்தில் உத்தியோகஸ்தி. மாதம் 15,000 ரூபாய்தான், இரண்டு ஆண்டு என்று சொன்ன தகுதிகாண் பருவம் 2022 நடுவில்தான் முடிந்தது. அப்படியும் 2023இல் குரூப்-2 வந்தபோது அவள் சம்பளம் வாங்கிக்கொண்டு படிக்கிற ஆள். ரீடிங் ரூமில் நாலு வருஷம் காத்திருந்தவளை விட அவள் கை கொஞ்சம் நிதானமாகவே ஓஎம்ஆர் தாளை நிரப்பியிருக்கும்.

இதைத்தான் தேர்வைத் தேர்ந்தெடுக்கும்போது யாரும் கணக்கில் எடுப்பதில்லை. நமக்குத் தெரிந்த இரண்டில் ஒன்றைத் தேடுகிறோம், வருவது மூன்றாவதாக இருக்கிறது. அப்படி வரும் மூன்றாவதுக்கும் உதவுகிற படிப்பு எது என்பதுதான் உருப்படியான கேள்வி. கணக்கு, ரீசனிங், பொது அறிவு என்று ரயில்வேக்காகப் போட்ட உழைப்பு வங்கிக்கும் எஸ்எஸ்சிக்கும் அப்படியே போகும். சாதவாகனர் முதல் மாநிலப் பிரிவினை வரை உருப்போட்டதற்கு ஆந்திர எல்லை தாண்டினால் வேலையில்லை.

அதற்காகக் குரூப்-2வை ஒதுக்கிவிட முடியுமா? துணைத் தாசில்தாராக ராயலசீமைக்குள்ளேயே வேலை பார்ப்பது வேறு, எந்த ஊரோ தெரியாத ஒரு ஸ்டேஷனில் நைட் டியூட்டி பார்ப்பது வேறு. வயதான அப்பா அம்மா சித்தூரில் இருந்தால் இந்த வித்தியாசம் சம்பளப் பட்டியலில் தெரியாது. கணக்கு என்றாலே கை நடுங்குகிற, ஆனால் வரலாற்றைக் கதை போலச் சொல்கிற பிள்ளையை ரயில்வே மாக் டெஸ்டில் இரண்டு வருஷம் உட்கார வைப்பதும் அநியாயம்.

எல்லையோரத் தமிழ்க் குடும்பங்களுக்கு இன்னொரு முடிச்சு உண்டு. 1960 ஏப்ரலில் திருத்தணி சென்னை மாநிலத்துக்குப் போனது, சித்தூர் ஆந்திரத்தில் நின்றது. வீட்டில் தமிழ், தெருவில் தெலுங்கு. பிள்ளையை 'நல்ல பள்ளிக்கூடம்' என்று வேலூர் பக்கம் அனுப்பிவிடுகிறவர்கள் உண்டு. 371-டி பிரிவின்கீழ் 1975இல் வந்த குடியரசுத் தலைவர் ஆணைப்படி, பத்தாம் வகுப்பு வரை தொடர்ந்து நான்கு ஆண்டு அந்த வட்டாரத்தில் படித்தவர்தான் உள்ளூர் ஆள். காட்பாடியில் பத்தாவது முடித்தவர் சொந்த ஊர் வேலைக்கே வெளியூர் ஆளாகி, மிச்சமிருக்கும் பொதுப் பங்குக்குள் முட்டிமோத வேண்டும். சரி, டிஎன்பிஎஸ்சி எழுதலாமே என்றால், ஆந்திரச் சாதிச் சான்றிதழ் அங்கே செல்லாது, பொதுப் பட்டியலில்தான் நிற்க வேண்டும். ரயில்வேக்கு இந்த வம்பே இல்லை. கேள்வித்தாளைத் தமிழிலோ தெலுங்கிலோ கேட்டு வாங்கலாம். குரூப்-2 ஆங்கிலத்திலும் தெலுங்கிலும் மட்டும். நகரி, சத்தியவேடு பக்கத்துப் பிள்ளைகளுக்குப் பல நேரம் தேர்வை முடிவு செய்வது ஆர்வம் அல்ல, ஆறாம் வகுப்பில் அப்பா எடுத்த டிசி.

அரசுகளுக்கும் இந்தக் குழப்பம் தெரியாமல் இல்லை. பல தேர்வுகளுக்குப் பதில் ஒரே பொதுத் தகுதித் தேர்வு என்று 2020 ஆகஸ்டில் மத்திய அமைச்சரவை தேசியப் பணியாளர் தேர்வு முகமைக்கு ஒப்புதல் தந்தது. 2025 முடிகிறவரை அந்தத் தேர்வு நடக்கவில்லை. ஆந்திர அரசு 2021 ஜூனில் வேலைவாய்ப்பு நாட்காட்டி ஒன்றை வெளியிட்டது. பத்தாயிரத்துச் சொச்சம் இடங்களில் குரூப்-1, குரூப்-2 இரண்டுக்கும் சேர்த்து 36. அந்த நாட்காட்டியை எதிர்த்தே போராட்டம் நடந்தது. 2025 பிப்ரவரி 23 மெயின்ஸுக்கும் இடஒதுக்கீட்டு ரோஸ்டர் தகராறில், தள்ளிவைக்கச் சொல்லி அரசே எழுத, ஆணையம் மறுக்க, முந்தின நாள் வரை நடக்குமா நடக்காதா என்று தெரியாமல்தான் பிள்ளைகள் பஸ் ஏறினார்கள். தமிழ்நாட்டில் டிஎன்பிஎஸ்சி ஆண்டுத் திட்டத்தைக் குறை சொல்கிறவர்கள் ஒரு வாரம் சித்தூரில் இருந்து பார்க்கலாம்.

அப்படியானால் என்ன செய்வது? வீட்டில் பணம் இறுக்கம் என்றால், முதல் கட்டம் வரை இரண்டுக்கும் பொதுவானதைப் படித்து, எதில் முதலில் தேறுகிறதோ அதற்கு முழுசாகத் திரும்புவது. ஏதாவது ஒரு சம்பளம், ஸ்ரீசிட்டி தொழிற்பேட்டைக் கம்பெனி ஷிஃப்டாக இருந்தாலும் சரி, கையில் இருக்கும்போதே குரூப்-2 மெயின்ஸ் பக்கம் போவது. பலருக்கு இது ஒத்துவரும், எல்லோருக்கும் அல்ல. நந்தியாலில் வங்கிக் கோச்சிங், அவனிகட்டாவில் டிஎஸ்சி கோச்சிங் என்று ஊர் ஊராகப் பிள்ளையை அனுப்ப வசதியுள்ள வீடு, ஒன்றையே பிடித்துக்கொண்டு உட்காரலாம்.

ரயில்வே ஆண்டுதோறும் அறிவிப்பு என்று 2024இல் சொன்னதை 2025இல் காப்பாற்றியது. 2025 அக்டோபர் 13 அன்று என்டிபிசி இரண்டாம் கட்டம் எழுதிவிட்டு வந்தவர்களுக்கு, எட்டாம் நாள், 21ஆம் தேதி, 5,810 இடங்களுக்கு அடுத்த விண்ணப்பம் திறந்தது. எழுதியதன் முடிவு தெரியாமலேயே பலர் மறுபடி 500 ரூபாய் கட்டினார்கள்.