எதை வைப்பது, எதை நீக்குவது?

சேர்த்து வைக்கும் குணம் மனிதனுக்கு இயற்கையாக அமைந்தது. வியாபாரிகளாகிய நமக்கோ அது தொழிலோடு ஒட்டிப் பிறந்த குணம். கிடைக்காத காலத்துக்கு ஆகுமென்று சரக்கை வாங்கி அடுக்குகிறோம். என்றாவது தேவைப்படுமென்று பழைய சிட்டைகளைக் கட்டிப் பரண்மேல் போடுகிறோம். ஆனால் சேர்ப்பதற்கு ஓர் எல்லை உண்டா? அந்த எல்லை வந்துவிட்டால் எதை வைத்துக்கொள்வது, எதை விட்டுவிடுவது? அதைத் தீர்மானிக்கும் ஹக்கு யாருக்கு உண்டு? இந்தக் கேள்விகளைப் பெரிய கிதாபுகளில்தான் தேடவேண்டும் என்பதில்லை. நம் வீட்டுக் கூடத்தில் டெலிவிஷனுக்குக் கீழே குந்தியிருக்கும் பதிவுப் பெட்டியே அவற்றை நம்மிடம் கேட்டுக்கொண்டிருக்கிறது.

மலேசியாவில் டெலிவிஷன் ஒளிபரப்பு 1963 டிசம்பர் 28-ந் தேதி தொடங்கிற்று. ஒரு நிகழ்ச்சி வரும் நேரத்தில் கடையில் நின்றவனுக்கு அந்நாளில் அது போனது போனதுதான். 1976-ல் ஜப்பானில் வி.எச்.எஸ். நாடாப் பெட்டி விற்பனைக்கு வந்தது. அதன் பிறகு, போனதைப் பிடித்து வைத்துப் பார்க்கும் வசதி மெல்ல மெல்ல எல்லா நாடுகளுக்கும் பரவிற்று. நாடா தீர்ந்தால் கண்ணுக்குத் தெரியும். அலமாரி நிறைந்தால் வீட்டார் சத்தம் போடுவார்கள். 1999-ல் அமெரிக்காவில் டிவோ என்ற பெட்டி வந்தபோது நாடா ஒழிந்து, பெட்டிக்குள்ளேயே சுழலும் ஹார்ட் டிஸ்க் அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டது. நம் நாட்டில் 1996-ல் செயற்கைக்கோள் ஒளிபரப்பைத் தொடங்கிய ஆஸ்ட்ரோவும் பின்னாளில் இவ்விதப் பெட்டியை அளித்தது. 2019 அக்டோபர் 31-ந் தேதியோடு பழைய அனலாக் ஒளிபரப்பு நாடு முழுவதும் நின்று, டிஜிட்டல் வந்துவிட்டது. அதற்கான பெட்டிகள் பலவற்றில் வெளியிலிருந்து ஒரு டிஸ்க்கைச் செருகிப் பதிவு செய்யும் வசதி இருக்கிறது.

வசதி வந்தது, கூடவே ஒரு மயக்கமும் வந்தது. நாடா கண்ணுக்குத் தெரிந்தது, டிஸ்க் தெரியவில்லை. கண்ணுக்குத் தெரியாததற்கு அளவில்லை என்று நாம் எண்ணிக்கொண்டோம்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். தெளிவான எச்.டி. படம் நொடிக்கு 8 மெகாபிட் வீதம் வருவதாக வைத்துக்கொண்டால், ஒரு மணி நேரத்துக்கு 3.6 கிகாபைட் இடம் செலவாகும். 500 கிகாபைட் டிஸ்க்கில் ஏறக்குறைய 138 மணி நேரம் பதியலாம். அரைமணித் தொடர்கள் நான்கு, வாரத்தில் ஐந்து நாள் என்றால் வாரத்துக்குப் பத்து மணி. பார்த்ததை அழிக்காமல் விட்டால் 14-ஆவது வாரத்தில், அதாவது நான்கு மாதம் நிறையுமுன்பே, பெட்டி கழுத்தளவு நிறைந்துவிடும். இதில் பந்தாட்டமும் சினிமாப் படமும் சேரவில்லை.

நிறைந்தபின் நடப்பது என்ன? சில பெட்டிகள் புதிய பதிவை ஏற்க மறுத்துவிடும். சில பாதிவரை பதிந்துவிட்டு நின்றுவிடும். கதையின் முடிவு கிடைக்காது. சில, நம்மைக் கேளாமலே பழையதை அழித்துப் புதியதைப் பதியும். இன்னும் சில, ரிமோட்டை அழுத்தினால் அசைவதற்கே நெடுநேரம் எடுத்துக்கொண்டு, பிறகு தானாக அணைந்து அணைந்து எரியும். உடனே “பெட்டி கெட்டுவிட்டது” என்கிறோம். பெரும்பாலும் கெட்டிருக்காது. நாம் ஒன்றையும் பதியாமல் சும்மா பார்க்கும்போதுகூட, நிறுத்தவும் பின்னோக்கிப் பார்க்கவும் தோதாக, பல பெட்டிகள் ஓடும் படத்தை டிஸ்க்கில் எழுதிக்கொண்டே இருக்கின்றன. எழுதுவதற்கும் அழிப்பதற்கும் கொஞ்சம் வெற்றிடம் வேண்டும். கிடங்கில் நடக்க வழியின்றி மூட்டை அடுக்கினால் கடைப்பையன் ஒரு மூட்டையை எடுக்க ஒன்பது மூட்டையை நகர்த்த வேண்டியிருக்கும். அதே நிலைதான் டிஸ்க்குக்கும். ஒரே படத்தை இங்கே ஒரு துண்டு, அங்கே ஒரு துண்டாக எழுதித் தேடி அலைகிறது.

இதற்குச் செய்யவேண்டியது என்ன? முதலில் மெனுவில் மீதமுள்ள இடத்தைப் பாருங்கள். பார்த்து முடித்ததை அழியுங்கள். அழித்தவை குப்பைக்கூடை போன்ற ஒரு பகுதியில் தங்குகிற பெட்டியானால் அதையும் காலி செய்யுங்கள். “அழிக்காதே” என்று பூட்டு விழுந்தவை எத்தனை என்று எண்ணுங்கள். தொடர்களுக்கு “கடைசி மூன்று மட்டும் வை” என்பது போன்ற வரம்பு இருந்தால் அதைப் போடுங்கள். பிறகு பெட்டியை முறையாக அணைத்து, சுவரிலிருந்து மின்சாரத்தைப் பிடுங்கி, ஒரு நிமிஷம் கழித்து மீண்டும் போடுங்கள். பத்தில் ஒரு பங்கு எப்போதும் காலியாக இருக்கட்டும். வெளியிலிருந்து செருகிய டிஸ்க்கானால் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். ஃபேட் 32 என்னும் பழைய முறையில் அமைந்த டிஸ்க்கில் ஒரு கோப்பு 4 கிகாபைட்டுக்கு மேல் போகாது. ஆகையால் டிஸ்க் காலியாயிருந்தும் நீண்ட படம் நடுவே அறுந்துபோகலாம், துண்டு துண்டாகவும் விழலாம். இவ்வளவும் செய்து, இடமும் தாராளமாக இருந்து, அப்போதும் படம் சிதறினால், உள்ளே டக் டக்கென்று சத்தமும் கேட்டால், டிஸ்க்கே தேய்ந்துவிட்டது என்று கொள்ளலாம். எல்லாவற்றையும் ஒரேயடியாகத் துடைத்து ஃபார்மட் செய்வது கடைசி மருந்து. அதை முதல் மருந்தாக உட்கொள்வது புத்திசாலித்தனமல்ல.

இத்தோடு பெட்டியின் விஷயம் முடிந்தது. நம் விஷயம் இனிமேல்தான் தொடங்குகிறது.

எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில், காலஞ்சென்ற பெரியவர் ஒருவர் டெலிவிஷன் நிகழ்ச்சியொன்றில் பழைய கடைத்தெருவைப் பற்றி இரண்டொரு நிமிஷம் பேசியிருந்தார். அந்த நிகழ்ச்சி அவர்கள் பெட்டியில் பதிவாகியிருந்தது. அவர் மவுத்தானபின் அவருடைய குரல் அந்த வீட்டில் இருந்த ஒரே இடம் அதுதான். ஒருநாள் இரவு பந்தாட்டம் பதிய இடம் போதவில்லை. பெட்டி தன் முறைப்படி ஆகப் பழையதை அழித்தது. ஆகப் பழையது அந்தக் குரல். மறுநாள் அந்த அம்மா யாரையும் ஏசவில்லை. “இவ்வளவு நாளும் உள்ளே இருக்கிறதென்றே நினைத்துக்கொண்டிருந்தேன்” என்று மட்டும் சொன்னார்கள்.

இங்கே குற்றவாளி யார்? பெட்டிக்குத் தேதி தெரியும், பாசம் தெரியாது. பந்தாட்டம் பதிந்த பிள்ளை எதையும் அழிக்கச் சொல்லவில்லை. மற்றவர்களோ ஒன்றுமே செய்யவில்லை. ஆனால் அந்த “ஒன்றுமே செய்யவில்லை” என்பதில்தான் காரியம் நடந்துவிட்டது. இடம் அளவானது என்றால், ஒன்றை வைப்பது என்பது இன்னொன்றை மறுப்பதுமாகும். அந்த மறுப்பை நாம் செய்யாவிட்டால் நமக்காக வேறொன்று செய்துவிடும். தீர்மானம் செய்யாதிருப்பதும் ஒரு தீர்மானமே. அதன் பொறுப்பிலிருந்து யாரும் தப்ப முடியாது.

பெரிய பெரிய ஸ்தாபனங்களும் இவ்விஷயத்தில் தவறியிருக்கின்றன. 1969 ஜூலையில் மனிதன் சந்திரனில் கால் வைத்த காட்சி, அங்கிருந்து வந்தபடியே தரையில் நாடாக்களில் பதிவாயிற்று. அந்த மூல நாடாக்களைப் பின்னாளில் தேடியபோது அவை அகப்படவில்லை. நாடாத் தட்டுப்பாட்டால் அவை துடைக்கப்பட்டு மீண்டும் உபயோகமாகியிருக்க வேண்டும் என்று அமெரிக்காவின் நாசா 2009-ல் தெரிவித்தது. ஒளிபரப்பு நிலையங்களின் பிரதிகள் இருந்ததால் காட்சி முற்றும் அழியாமல் தப்பியது. நாடாவைத் துடைத்தவர்கள் கெட்டவர்களல்லர். வேறு வேலைக்கு நாடா வேண்டியிருந்தது. எது எதைவிட அருமையானது என்று அந்நேரத்தில் கேட்பாரில்லை.

அப்படியானால் எதையுமே அழிக்காதிருப்பது நல்லதல்லவா என்று கேட்கலாம். அதற்கும் ஓர் உதாரணம் உண்டு. ருஷ்ய நாட்டில் ஷெரஷெவ்ஸ்கி என்று ஒருவர் இருந்தார். கேட்டதும் பார்த்ததும் அவருக்கு மறப்பதே இல்லை. லூரியா என்னும் மனோதத்துவ அறிஞர் அவரைப் பல்லாண்டுகள் ஆராய்ந்து எழுதிய நூல் 1968-ல் வெளிவந்தது. அபாரமான அந்த ஞாபகசக்தி அவருக்குச் சுகம் தரவில்லை. பழைய நினைவுகள் இடைவிடாமல் எழுந்து மறிக்க, கேட்பதன் சாரத்தைப் பற்றிக்கொள்வதே அவருக்குக் கஷ்டமாயிற்று. மறக்க விரும்பியவற்றைத் தாளில் எழுதி நெருப்பிலிட்டும் பார்த்தார், பலிக்கவில்லை. நிறைகுடம் தளும்பாது என்று புகழ்கிறோம். உண்மைதான், ஆனால் நிறைகுடத்தில் புதுத்தண்ணீருக்கு இடமில்லை என்பதும் உண்மையே.

ஆகவே எல்லாவற்றையும் வைப்பதும் வழியல்ல. கண்ணை மூடிக்கொண்டு அழிப்பதும் வழியல்ல. வியாபாரிக்கு இது புதிய பாடமுமல்ல. அலமாரியில் மூன்று வருஷம் தூசி படிந்த சரக்கு, ஐந்தொகையில் சொத்தாகத் தெரிந்தாலும் உண்மையில் முடங்கிய முதல். நல்ல கடைக்காரர் வருஷத்துக்கொருமுறை இருப்பெடுத்து, போகாத சரக்கை வந்த விலைக்குத் தள்ளி, இடத்தை மீட்பார். ஆனால் தகப்பனார் எழுதிய முதல் பேரேட்டை அந்தக் கழிவில் சேர்க்கமாட்டார்.

நாட்டுச் சட்டமும் இதே வழியைக் காட்டுகிறது. மலேசியாவின் 1967-ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டம் வியாபாரக் கணக்குகளை ஏழு வருஷம் பாதுகாக்கச் சொல்கிறது. அவ்வளவு காலம் அழிக்கலாகாது. மறுபுறம் 2010-ஆம் ஆண்டு தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம், வியாபாரத்துக்காகப் பிறரிடம் பெற்ற விவரங்களைத் தேவைக்கு மேற்பட்ட காலம் வைத்திருக்கலாகாது என்கிறது. அங்கே அழிப்பது கடமை. ஒன்று “வை” என்கிறது, மற்றொன்று “விடு” என்கிறது. இரண்டிலும் அடங்கிய தத்துவம் ஒன்றே: ஏன் வைக்கிறோம், எதுவரை வைக்கிறோம் என்று வைப்பவன் அறிந்திருக்க வேண்டும்.

இதனோடு இன்னொன்றையும் சேர்க்க வேண்டும். வீட்டுப் பெட்டி ஒருவருடைய சொத்தல்ல. அதில் வாப்பாவின் செய்திகள் இருக்கும், உம்மாவின் தொடர் இருக்கும், பிள்ளைகளின் விளையாட்டு இருக்கும். ரிமோட் கையில் இருக்கிறது என்பதற்காகப் பிறருடையதைக் கேளாமல் அழிப்பது, பொதுக் கிடங்கிலிருந்து பங்காளியின் மூட்டையைத் தெருவில் எறிவதற்கு ஒப்பாகும். பார்க்கவும் மாட்டேன், விடவும் மாட்டேன் என்று எல்லாவற்றிற்கும் பூட்டுப் போட்டுவைப்பதும் பிறருடைய பங்கை அடைத்துக்கொள்வதுதான். ஒன்றாக வைத்தது அமானத்து. அதைப் பேணுவதில் கேட்டுச் செய்வதும் அடங்கும், விட்டுக்கொடுப்பதும் அடங்கும்.

தெங்கேரா சாலையில் 1728-ல் எழுந்ததாகச் சொல்லப்படும் பள்ளிவாசல் இருக்கிறது. 1835-ல் மறைந்த ஜோகூர் சுல்தான் ஹுசேன் ஷாவின் அடக்கத்தலமும் அங்கேதான். இவ்வளவு காலம் அவை நிலைத்திருப்பது தற்செயலாக அல்ல. இதைப் பேணுவது எங்கள் பொறுப்பு என்று தலைமுறைதோறும் சிலர் முன்வந்தார்கள். அதே சாலையில் எத்தனையோ பொருள்கள் வந்தன, விற்றன, போயின; அவற்றுக்காக யாரும் வருந்தவில்லை. நிலைக்க வேண்டியதற்கு ஆள் வேண்டும். போக வேண்டியதற்கு வழி வேண்டும்.

ஆகவே சகோதரர்களே, இந்த வாரம் ஓர் இரவு கடையடைத்து வந்தபின் வீட்டாரோடு உட்கார்ந்து பெட்டியைத் திறந்து பாருங்கள். யாருடையது எது என்று கேளுங்கள். பார்த்தவற்றை நன்றி சொல்லி அனுப்பிவிடுங்கள். ஒரு வருஷமாகப் பார்க்காததை இனிப் பார்க்கப் போவதில்லை என்று ஒப்புக்கொள்ளுங்கள். உண்மையில் அருமையானது ஏதேனும் இருந்தால் அதை அந்தப் பெட்டியை மட்டும் நம்பி விடாதீர்கள். கட்டணப் பெட்டிகளில் பதிந்தவை பெரும்பாலும் பூட்டப்பட்டு அந்தப் பெட்டியோடு பிணைந்தவை. பெட்டி போனால் அவையும் போகும். ஆகையால் பெரியவர்களின் பேச்சை அவர்கள் இருக்கும்போதே கைப்பேசியிலாவது பதிந்து, இரண்டு மூன்று இடங்களில் வைத்து, பொறுப்பான ஒரு பிள்ளையிடம் ஒப்படையுங்கள். அந்த அம்மாவுக்கு வாய்க்காதது நம் வீடுகளிலாவது வாய்க்கட்டும்.