சிரிப்பொலி சேர்க்காத அறை

வெர்னர் கிளெம்பரர் ஒரு நிபந்தனையோடுதான் அந்த வேடத்தை ஏற்றார். 'ஹோகன்ஸ் ஹீரோஸ்' என்ற அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடரில், ஜெர்மன் போர்க்கைதி முகாமொன்றின் தலைமை அதிகாரி கேர்ணல் கிளிங்க்காக நடிக்க அவரைக் கேட்டிருந்தார்கள். இந்த நாஸி எந்த அங்கத்திலும் வெல்லக் கூடாது, ஒருமுறை வென்றாலும் நான் விலகிவிடுவேன் என்றார் அவர். 1965 முதல் 1971 வரை 168 அங்கங்கள் ஓடின. கிளிங்க் கடைசிவரை வெறும் வீறாப்புக்காரனாகவே இருந்தான்; அவன் காலடியிலேயே கைதிகள் சுரங்கம் தோண்டிக்கொண்டிருந்தார்கள்.

கிளெம்பரர் யூத வம்சத்தவர். தந்தை ஒட்டோ கிளெம்பரர் உலகறிந்த இசைக்குழு நடத்துநர். ஹிட்லர் ஆட்சிக்கு வந்த 1933இல் அந்தக் குடும்பம் ஜெர்மனியை விட்டு வெளியேறியது. அதே தொடரில், கண்ணெதிரே நடப்பதையும் காணாததுபோல் இருக்கும் தடித்த சார்ஜன்ட் ஷுல்ட்ஸாக நடித்த ஜோன் பேனரும் யூதர். ஒஸ்ட்ரியாவை ஹிட்லர் விழுங்கிய 1938இல் அவர் நாடகக் குழுவோடு சுவிட்சர்லாந்தில் இருந்ததால் தப்பினார்; ஊரில் இருந்த உறவுகள் தப்பவில்லை. ஜெனரல் புர்க்ஹால்டராக வந்த லியோன் அஸ்கினின் தாயும் தகப்பனும் ட்ரெப்லிங்கா கொலைமுகாமில் மாண்டவர்கள். பிரெஞ்சுக் கைதி லெபோவாக நடித்த ரொபேர்ட் கிளேரி, பதினாறு வயதில் பாரிஸிலிருந்து பிடித்துச் செல்லப்பட்டு, 1945 ஏப்ரலில் புக்கன்வால்ட் முகாமிலிருந்து விடுதலையானவர். பெற்றோர் உட்பட அவருடைய குடும்பத்தில் பன்னிரண்டு பேர் கொல்லப்பட்டார்கள். கையில் பச்சை குத்திய முகாம் இலக்கத்தோடுதான் அவர் அந்த நகைச்சுவைத் தொடரில் நடித்தார்.

அத்தனை பேர் மாண்ட யுத்தத்தை வைத்துச் சிரிக்கலாமா என்று அந்தக் காலத்திலேயே பலர் கோபித்தார்கள். அந்தக் கோபத்தை நான் குறைசொல்ல மாட்டேன். ஆனால் கிளேரி ஒரு வேறுபாட்டைத் தெளிவாகச் சொல்லிவந்தார்: இது போர்க்கைதி முகாமைப் பற்றிய கதை, தான் அடைபட்டிருந்த வதைமுகாமைப் பற்றியதல்ல. இந்த எல்லையைப் போட்டவர் எல்லைக்கு அப்பால் இருந்துவிட்டு வந்தவர் என்பதுதான் எனக்கு முக்கியம்.

புத்தளம் பக்கத்து மதுரங்குளியில் இருந்துகொண்டு இதையெல்லாம் யோசிக்க எனக்குக் காரணம் உண்டு. 1990 ஒக்டோபரில் இலங்கையின் வடக்கில் உள்ள ஐந்து மாவட்டங்களிலிருந்தும் முஸ்லிம்களை விடுதலைப் புலிகள் வெளியேற்றினார்கள். ஏறத்தாழ எழுபதாயிரம் பேர். யாழ்ப்பாண நகரத்தாருக்குக் கிடைத்த அவகாசம் இரண்டு மணித்தியாலம். மன்னார்ப் பக்கத்தவர்கள் பலர் வள்ளங்களில் கற்பிட்டிக் கரைக்கு வந்து சேர்ந்தார்கள். கற்பிட்டியிலிருந்து புத்தளம், முந்தல் வரை எங்கள் தென்னந்தோட்டங்களுக்குள் கிடுகுக் குடிசை முகாம்கள் எழும்பின. நான் அப்போது பள்ளிக்கூடத்துப் பிள்ளை.

எங்கள் வளவுக்குப் பின்னால் இருந்த குடிசையில் மன்னார்ப் பக்கத்து ராத்தா ஒருவர் இருந்தார். உலருணவுக்குப் பதிவெடுக்க வருகிறவரைப் போல் நடித்துக் காட்டுவார். பேனையைக் காதில் சொருகிக்கொண்டு, குரலைத் தடிப்பாக்கி, "ஊட்டு உறுதி எங்க?" என்று கேட்பார். பிறகு தானே தலையைக் குனிந்து பதில் சொல்வார்: "அவசரத்துல ஊட்டத் தலையில தூக்கிட்டு வந்துட்டன் சேர், உறுதிய மறந்துட்டன்." குடிசை வரிசையே சிரிக்கும். என் உம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார். பெட்டிக்குள் சாவியை மட்டும் வைத்துக்கொண்டிருந்த பெண்கள்தான் எல்லோரையும் விடச் சத்தமாகச் சிரித்தார்கள்.

இதே பகிடியை எங்களூர் இளைஞன் ஒருவன் தேத்தண்ணிக் கடையில் சொன்னான். பேனையும் அதேதான், குரலும் அதேதான். கடைக்கு முன்னால் இருந்த முகாம்காரர் இருவர் பாதிக் கோப்பையை வைத்துவிட்டு எழுந்து போனார்கள். அவன் கெட்டவனில்லை. ராத்தாவின் வாயில் அந்தப் பகிடி, வீடு பறிபோன ஒருத்தி பதிவுப் புத்தகத்துக்கு முன்னால் நிமிர்ந்து நிற்பதாக இருந்தது. அவன் வாயில் அது, உறுதி இல்லாதவர்கள் வந்து நிற்கிறார்கள் என்பதாக மாறிவிட்டது.

'மேஷ்' தொடரை உருவாக்கியவர்கள் இதே சிக்கலை வேறு வழியில் சந்தித்தார்கள். கொரிய யுத்தத்தின் நடமாடும் இராணுவ மருத்துவமனை அதன் களம். 1972இல் தொடங்கி 1983 பெப்ரவரி 28இல் முடிந்தது. மூன்று வருடத்து யுத்தத்தைப் பதினொரு பருவங்களாகச் சொன்ன தொடர் அது. நகைச்சுவைத் தொடர் என்றால் பதிவுசெய்த சிரிப்பொலி இருந்தேயாக வேண்டும் என்று நிலையம் வற்புறுத்தியது. எழுத்தாளர் லாரி கெல்பார்ட்டுக்கு அது பிடிக்கவேயில்லை. கடைசியில் ஓர் உடன்பாடு வந்தது: சத்திரசிகிச்சைக் கூடத்துக் காட்சிகளில் சிரிப்பொலி சேர்ப்பதில்லை. வைத்தியர்கள் அங்கேயும் பகிடி விட்டுக்கொண்டுதான் வெட்டித் தைப்பார்கள். ஆனால் எப்போது சிரிக்க வேண்டும் என்று பார்ப்பவனுக்கு யாரும் சொல்லிக்கொடுக்க மாட்டார்கள். பி.பி.சி. ஒளிபரப்பியபோது சிரிப்பொலியை முழுவதுமாகவே எடுத்துவிட்டார்கள். எனக்கு அதுதான் சரியாகப் படுகிறது.

அப்படியானால் பட்டவன் மட்டும்தான் தன் பாட்டைச் சொல்லிச் சிரிக்கலாமா? ஒருவர் வலியை இன்னொருவர் தொடவே கூடாதா? இந்த இடத்தில்தான் எனக்கு இலங்கை வானொலி நினைவுக்கு வருகிறது. எழுபதுகளில் 'கோமாளிகளின் கும்மாளம்' ஒலித்தது. எங்கள் தலைமுறைக்கு அது வாப்பாமார் சொல்லிக் கேட்ட கதை. மரிக்கார் என்ற முஸ்லிமாகப் பேசியவர் எஸ். ராம்தாஸ், முஸ்லிம் அல்லர். உபாலி என்ற சிங்களவராகச் சிங்கள வாடை வீசும் தமிழில் பேசிய எஸ். செல்வசேகரன் தமிழர். பி.எச். அப்துல் ஹமீத் ஐயராக வந்தார். அப்புக்குட்டி என்ற யாழ்ப்பாணத்தவர் ரி. ராஜகோபால். 1976இல் 'கோமாளிகள்' என்று திரைப்படமாகவும் வந்தது. மரிக்கார் என்ற பெயர் ராம்தாஸோடு கடைசிவரை ஒட்டிக்கொண்டது.

எங்களைப் போல் பேசிக் காட்டிய ராம்தாஸ் மேல் எங்கள் ஆட்களுக்குக் கோபம் வரவில்லை, கொண்டாடினார்கள். ஒரே ஒலிவாங்கியைச் சுற்றி நின்று, மரிக்காரை ராம்தாஸ் பேசும்போது ஐயரை ஹமீத் பேசிக்கொண்டிருந்தார். இவர் அவரிடம் எடுத்ததை அவர் இவரிடமும் எடுத்தார். தேத்தண்ணிக் கடை இளைஞன் எடுத்தான், ஆனால் எதையும் கொடுக்கவில்லை. அவனைப் பார்த்து முகாம்காரர் யாரும் மதுரங்குளிக்காரனைப் போல் நடித்துக் காட்ட முடியாது. அவர்கள் இருந்தது நம் காணியில்.

1983 இனக்கலவரத்துக்குப் பிறகு அந்த ஒலிவாங்கியைச் சுற்றி அப்படி நிற்பது கடினமாகிவிட்டது. ராம்தாஸ் 2016இல் சென்னையில் காலமானார். 1990 தமிழருக்கும் முஸ்லிமுக்கும் நடுவில் இன்னொரு சுவரைக் கட்டியது. வந்தவர்களுக்கும் இருந்தவர்களுக்கும் நடுவில் புத்தளத்தில் காணி, தண்ணீர், பள்ளிக்கூட இடம் என்று வேறு மனத்தாங்கல்கள் வளர்ந்தன. ஒருவரைப் பற்றி மற்றவர் பகிடி சொல்வது இன்றும் நடக்கிறது, அவர் எழுந்து போன பிறகு.

அந்த உலருணவு வரிசையைப் பற்றி ஒரு நகைச்சுவைத் தொடர் வரவேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. காணிக்காரனாக மன்னார்க்காரர் ஒருவர் நடிக்கட்டும். எங்களை எவ்வளவு வேண்டுமானாலும் நையாண்டி செய்யட்டும். அகதியாக எங்களூர்ப் பொடியன் நடிக்கட்டும், முதலில் அவர்களோடு போதுமான காலம் உட்கார்ந்து கதை கேட்டுவிட்டு. யாழ்ப்பாணத்து முஸ்லிம் ஒருவர் அப்புக்குட்டியின் பேச்சில் பேசட்டும். அது அவர் சொந்தப் பேச்சுத்தான். ஒக்டோபர் மாதத்து அந்த இரண்டு மணித்தியாலமும் வள்ளப் பயணமும் கதைக்குள் வருமானால், அங்கே சிரிப்பு வேண்டுமா வேண்டாமா என்று நாங்கள் தீர்மானிக்கக் கூடாது. எழுதி முடித்த பிரதியை முதலில் அந்த ராத்தாவின் வீட்டுக்குக் கொண்டுபோக வேண்டும். அவர் வெட்டச் சொன்னதை வெட்டிய பிறகுதான் ஒளிப்பதிவு.